ஸ்கோலின் ஆகாது

ஆபரேஷன் தியேட்டர் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டீர்கள். முப்பத்து நாலு வருஷம் தியேட்டர் நர்சாக இருந்தவள் நான். பொறுமை, சேவை, புன்னகை என்று எழுதுவேன் என நினைத்திருப்பீர்கள். அதையெல்லாம் பிரிவு உபசார விழாவில் மாலையோடு வருகிறவர்கள் பேசுவார்கள். நான் எழுத வேண்டியது வேறு. உயிரோடு இருந்த ஒருவனைச் செத்தவன் என்று முடிவு கட்டி நான் கையை எடுத்தேன். அதற்காக இன்னொருவன் ஜெயிலுக்குப் போனான். இதைப் படித்துவிட்டு என்னைத் திட்டுங்கள். ஆனால் முழுதும் படியுங்கள்.

அப்போது நான் வேலைக்கு வந்து இரண்டாவது வருஷம். ஆட்சி மாறிய புதிது. தஞ்சாவூர் ஜில்லாவில் அறுவடை வந்தால் ஆஸ்பத்திரிக்குக் காயமும் வரும். கூலி நெல்லில் அரைப்படி கூட்டிக் கேட்டால் மிராசுதார்கள் வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்து இறக்குவார்கள். உள்ளூர்க்காரன் வரப்பில் கொடியை நட்டு மறிப்பான். இந்தப் பக்கமும் பசித்தவன், அந்தப் பக்கமும் பசித்தவன். இரண்டு பேர் கையிலும் அரிவாள். மிராசுதார் வீட்டுக்குள் உட்கார்ந்து காபி குடிப்பார்.

நான் இருந்தது சின்ன ஆஸ்பத்திரி. ஊர் பெயர் வேண்டாம். ஒரு டாக்டர், ஒரு மேஜை, ஒரு ஆக்ஸிஜன் சிலிண்டர். மயக்க மருந்துக்குத் தனி டாக்டர் கிடையாது. டாக்டரே மருந்தை ஏற்றி, தொண்டையில் குழாயை விட்டு, மூச்சுக் கொடுக்கும் ரப்பர் பையை என் கையில் கொடுத்துவிட்டுக் கத்தியை எடுப்பார்.

மாணிக்கத்தை ஒரு காலை நேரத்தில் மாட்டு வண்டியில் கொண்டுவந்தார்கள். குடவாசல் பக்கத்துக் கிராமம். இருபத்திரண்டு வயசு. வயிற்றில் அரிவாள் வெட்டு. நீளமான வெட்டு, ஆனால் ஆழமில்லை, குடல் தப்பியிருந்தது. பேசிக்கொண்டேதான் வந்தான். நான் வேட்டியைக் கத்தரிக்கப் போனபோது, "நர்சம்மா, கத்தரிக்காதீங்க. புது வேட்டி. அவுத்து எடுங்க" என்றான். அவிழ்த்து எடுத்து மடித்து வைத்தேன்.

வெட்டியவன் பெயர் சின்னையா. கந்தர்வகோட்டைப் பக்கத்து வறண்ட ஊரிலிருந்து அறுப்புக்கு வந்த கூலியாள். அவன் ஓடவில்லை. கையைத் துண்டால் கட்டி ஒரு போலீஸ்காரர் அவனை ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் உட்கார வைத்திருந்தார். போகிற வருகிற எல்லோரிடமும் அவன் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "பொழச்சுக்குவானா?"

தையல் முக்கால் மணி நேரத்தில் முடிந்தது. மாணிக்கம் மூச்சு விடவில்லை.

ஸ்கோலின் என்கிற மருந்து உங்களுக்குத் தெரியும். உடம்பின் தசையெல்லாம் ஒரு நிமிஷத்துக்குள் தளர்ந்து போகும். கை, கால், இமை, நாக்கு, நெஞ்சு எதுவும் அசையாது. ஐந்து நிமிஷம் போனால் தானாகத் தெளியும். அந்த ஐந்து நிமிஷத்துக்கு மூச்சு நம் கையில் இருக்கிறது. இவனுக்கு ஒரு மணி நேரம் ஆகியும் தெளியவில்லை. நான் பையை அழுத்தினால் நெஞ்சு எழும்பும். அழுத்தாவிட்டால் மேஜை மேல் விரித்த துணி மாதிரி கிடந்தான்.

வெளியே கூட்டம் கத்தியது. மண்டை உடைந்த இன்னொருவன் இந்த மேஜைக்காகக் காத்துத் தரையில் கிடந்தான். டாக்டர் மாணிக்கத்தின் இமையைத் தூக்கிப் பார்த்தார்.

"மூளை போயிருச்சு. ரத்தம் போனப்பவே போயிருக்கும். விடு."

"பல்ஸ் நல்லா இருக்கு சார்."

"எவ்வளவு நேரம் இருக்கும்? சாயந்தரம் வரைக்கும் அழுத்திக்கிட்டே இருப்பியா? விடு."

அப்போது மாணிக்கத்தின் வலது கண்ணோரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் திரண்டது. காதுப் பக்கமாக இறங்கியது.

"சார், கண்ணுல தண்ணி வருது."

"ஈதர் பட்டிருக்கும்."

ஈதர் என்பது முகர வைத்து மயக்கும் மருந்து, ஆவி பட்டால் கண் கரிக்கும்; அன்றைக்கு அந்த அறையில் யாரும் ஈதர் பாட்டிலைத் திறக்கவே இல்லை. எனக்கு அது தெரியும். டாக்டருக்கும் தெரிந்திருக்கும். நான் அதைச் சொல்லவில்லை. இரண்டாம் வருஷத்து நர்ஸ் டாக்டரை எதிர்த்து எப்படிப் பேசுவது என்று நினைத்தேன். கையை எடுத்துவிட்டேன்.

மணிக்கட்டை மட்டும் பிடித்துக்கொண்டு நின்றேன். பல்ஸ் உடனே நிற்கவில்லை. முதலில் வேகம் பிடித்து ஓடியது. வாசலில் நின்ற அட்டெண்டர் எட்டிப் பார்த்தான். "கொடி புடிக்கிறவன்ல ஒருத்தன் கொறைஞ்சான். மிராசு வீட்டுல இன்னிக்குப் பாயசம்தான்" என்றான். அதன் பிறகும் பல்ஸ் ஓடியது. பிறகு தடுக்கித் தடுக்கி நடந்தது. பிறகு இல்லை.

வெட்டுக்காயம், ரத்தப்போக்கு, அதிர்ச்சி என்று டாக்டர் எழுதினார். ஸ்கோலின் என்ற சொல் எந்தத் தாளிலும் வரவில்லை.

கோர்ட்டில் என்னையும் சாட்சிக்கூண்டில் ஏற்றினார்கள். "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு" என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். கொண்டுவந்தபோது உயிர் இருந்ததா? இருந்தது. பிறகு இறந்தாரா? இறந்தார். நடுவில் என்ன நடந்தது என்று எவரும் கேட்கவில்லை. மிராசுதார் வீட்டிலிருந்து ஒருவரும் அந்தப் பக்கமே வரவில்லை. சின்னையாவுக்கு ஆயுள் தண்டனை. தீர்ப்பைக் கேட்டு அவன் நீதிபதியைப் பார்த்துக் கும்பிட்டான். எதற்குக் கும்பிட்டான் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

ஏழெட்டு வருஷம் ஓடியது. நான் மாறுதலாகிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டேன். அங்கே மயக்க மருந்துக்கு என்றே ஒரு டாக்டரம்மா. குள்ளமான பெண்பிள்ளை. வாயைத் திறந்தால் வசவு. தப்பான ஊசியை எடுத்துக் கொடுத்தால் தட்டோடு தூக்கி எறிவார். அவரிடம் கற்றதுதான் எனக்குத் தெரிந்த வேலை.

ஒரு நாள் மதியம் பிரசவ வார்டிலிருந்து அவசர கேஸ். குழந்தை குறுக்கே கிடந்தது. தாயின் பெயர் அஞ்சலை. வெளியே புருஷனும் அம்மாவும் நின்றார்கள். சிசேரியன் நன்றாக முடிந்தது. பெண் குழந்தை, அலறியது. பிள்ளையை எடுத்த டாக்டர் தைத்துவிட்டுப் போய்விட்டார். அஞ்சலை மூச்சு விடவில்லை.

பத்து நிமிஷம். இருபது நிமிஷம். என் கையில் அதே மாதிரி ஒரு ரப்பர் பை.

டாக்டரம்மா இமையைத் தூக்கி டார்ச் அடித்தார். விளக்கு பட்டதும் கண்மணி சுருங்கியது. என்னைப் பார்த்தார். "இவ முழிச்சிருக்கா" என்றார்.



"தூங்க வைக்கிற மருந்து தெளிஞ்சிருச்சு. ஸ்கோலின் தெளியலை. உள்ளே முழுசா முழிச்சுக்கிட்டு, ஒரு இமையைக்கூடத் தூக்க முடியாம கிடக்கா. நீ அழுத்து. நான் நிறுத்தச் சொல்ற வரைக்கும் இல்ல, அவ நிறுத்தச் சொல்ற வரைக்கும் அழுத்து."

தூங்குவதற்குக் கொஞ்சம் மருந்து கொடுத்தார். அதிகம் கொடுக்க முடியாது, பல்ஸ் தாங்காது. பிறகு குனிந்து அஞ்சலையின் காதருகில் வாயை வைத்தார். அந்த வாயிலிருந்து அப்படி ஒரு குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

"அஞ்சலை, நீ சாகலை. உனக்குப் போட்ட ஒரு மருந்து இறங்க லேட் ஆவுது, அவ்வளவுதான். உனக்கு நாங்க மூச்சு விடுறோம். கையெடுக்க மாட்டோம். பொம்பளைப் பிள்ளை. நல்ல கலரு. உன் மாமியாளுக்கு வாயடைச்சுப் போவும் பாரு."

என் விரலைப் பிடித்து அஞ்சலையின் மணிக்கட்டில் வைத்தார். அதுவரை நிதானமாக இருந்த பல்ஸ் குதிரை மாதிரி ஓடியது. முகத்தில் ஒரு ரோமம் அசையவில்லை. "பாத்தியா? கேக்குறா" என்றார்.

அப்போது அஞ்சலையின் கண்ணோரத்தில் ஒரு சொட்டு திரண்டது. காதுப் பக்கமாக இறங்கியது.

டாக்டரம்மா வெளியே போனார். கதவைச் சாத்தவில்லை. பேசியதெல்லாம் எனக்குக் கேட்டது.

"உங்க வீட்டுல இதுக்கு முன்னாடி யாராவது ஆபரேஷன் மேஜையில செத்திருக்காங்களா?"

"எம் மூத்த மவன் செத்தாம்மா" என்றார் அஞ்சலையின் அம்மா. "ஆனா அது வெட்டுப்பட்டு. அறுப்புத் தகராறுல கந்தர்வகோட்டையான் வெட்டிட்டான். மாணிக்கம்னு பேரு."

"வெட்டுப்பட்டதும் செத்துட்டானா?"

"இல்லம்மா. வண்டியில பேசிக்கிட்டேதான் போனான். உள்ளார கொண்டுபோயி தைச்சாங்க. அப்புறம் பொணமாத்தான் குடுத்தாங்க."

"உங்க புருஷன் உங்களுக்கு என்ன உறவு?"

"எங்கம்மாவோட தம்பிதான். தாய்மாமன்."

பிள்ளைகளே, என் கை நிற்கவில்லை. அதை மட்டும் நான் எனக்காகச் சொல்லிக்கொள்வேன். அண்ணனை விட்ட அதே கை தங்கைக்கு மூச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தது. அறையில் என்னையும் அவளையும் தவிர யாரும் இல்லை. என்னை அறியாமல் வாய் திறந்துவிட்டது.

"உங்க அண்ணனுக்கும் இதேதான் தாயீ. நான்தான் பக்கத்துல இருந்தேன். அவனும் முழிச்சுக்கிட்டுத்தான் கிடந்தான். நான் கையை எடுத்துட்டேன்."

சொன்ன பிறகுதான் என் இன்னொரு கை அவள் மணிக்கட்டில் இருப்பது உறைத்தது. பல்ஸ் விரலுக்கடியில் அடித்த அடியை என்னால் எண்ண முடியவில்லை. முகம் கல் மாதிரி இருந்தது.

டாக்டரம்மா திரும்பி வந்து சொன்னதை உங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். ஸ்கோலினை உடைத்துப் போட நம் ரத்தத்தில் ஒரு என்சைம் இருக்கிறது. அதைச் செய்வதற்கான மரபணு அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என்று நமக்கு வருகிறது. ஒன்று பழுது என்றால் இன்னொன்று சமாளித்துக்கொள்ளும். இரண்டுமே பழுதாக வந்தவர்களுக்கு என்சைம் வேலை செய்யாது. அதனால் அவர்களுக்கு ஒரு நோயும் இல்லை. ஏர் பிடிப்பார்கள், நாற்று நடுவார்கள், நூறு வயசு வரை இருப்பார்கள். அப்படி ஒன்று உடம்பில் இருப்பது அவர்களுக்கே தெரியாது. இந்த ஒரு ஊசி போடும் வரைக்கும் அது சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும்.

"ஒரே மடையில திறந்த தண்ணி," என்றார் டாக்டரம்மா. "ரெண்டு வாய்க்காலாப் பிரிஞ்சு போயி, கடைசியில ஒரே வயல்ல வந்து சேர்ந்திருக்கு. மாமனைக் கட்டினது தப்புன்னு நான் சொல்லலை. அந்த வீட்டுல பொறக்குற ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலுல ஒரு பங்கு இது வரலாம். இங்க ரெண்டு பேருக்கு வந்திருக்கு. அண்ணனை எவனோ ஒரு முட்டாள் பாதியில விட்டிருக்கான்."

"எவனோ இல்லம்மா. நான்."

அவர் திட்டவில்லை. பையை என் கையிலிருந்து வாங்கிக் கொஞ்ச நேரம் தானே அழுத்தினார். "போயி தண்ணி குடிச்சுட்டு வா. இன்னும் நேரம் இருக்கு" என்றார். திட்டியிருக்கலாம்.

மாற்றி மாற்றி அழுத்தினோம். மூன்றாம் மணி நேரத்தில் விரல் மரத்தது. ஐந்தாம் மணி நேரத்தில் அஞ்சலையின் புருவம் நெளிந்தது. பிறகு விரல். பிறகு குழாயைக் கடித்தாள். தலையைத் தூக்கு என்றதும் தூக்கினாள். குழாயை எடுத்தோம். டாக்டரம்மா சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அஞ்சலை பிள்ளையைக் கேட்கவில்லை. கட்டின தொண்டையோடு என்னைப் பார்த்துத்தான் பேசினாள்.

"எங்க அண்ணனை ஏன் விட்டீங்க?"

இந்த ஒரு கேள்விக்கு என் சர்வீஸ் முழுதும் பதில் தேடினேன். கிடைக்கவில்லை. மேஜை வேண்டியிருந்தது, டாக்டர் சொன்னார், நான் சின்னப் பெண். இதில் எது பதில்?

மறுநாள் வார்டில் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "எழுதிக் குடுங்க நர்சம்மா" என்றாள்.

"என்ன எழுத?"

"என் காதுல சொன்னதைத்தான். அந்த கந்தர்வகோட்டைக்காரன் உள்ளார கெடக்குறானே. நீங்க எழுதலைன்னா நான் போயி சொல்லுவேன். செத்த மாதிரி கெடந்தப்ப கேட்டேன்னு சொல்லுவேன். எவன் நம்புவான்? சிரிப்பாங்க. அதனால நீங்களே எழுதிடுங்க."

அண்ணனை வெட்டியவனுக்காகத் தங்கை கேட்கிறாள். நான்கு பக்கம் எழுதினேன். டாக்டரம்மா இரண்டு பக்கம் எழுதினார். அஞ்சலையின் ரத்தத்தைத் தொலைவில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, பழுது உண்மைதான் என்ற தாளும் வாங்கி வைத்தோம். என்ன நடந்தது தெரியுமா? எனக்கு இன்கிரிமென்ட் வெட்டு, மாறுதல். பழைய டாக்டர் அதற்குள் பெரிய பதவிக்குப் போயிருந்தார், அவருக்கு ஒன்றும் இல்லை. தங்கையின் ரத்தத்தை வைத்து அண்ணனின் சாவைச் சொல்ல முடியாது, எரித்த உடம்பில் எதைச் சோதிப்பது என்று மேலிடத்தில் கேட்டார்கள். ஃபைல் ஒரு மேஜையிலிருந்து அடுத்த மேஜைக்குப் போய்த் தூங்கியது. கடைசியில் ஒரு தலைவர் பிறந்தநாளுக்கு ஜெயிலிலிருந்து கொத்தாக விடுதலை செய்தார்கள். அந்தப் பட்டியலில் சின்னையா வெளியே வந்தான். கொலைகாரனாகவே வந்தான். குற்றம் இல்லை என்று எந்தத் தாளும் சொல்லவில்லை.

அஞ்சலைக்கு டாக்டரம்மா ஒரு அட்டை எழுதிக் கொடுத்தார். இந்த மருந்து இவருக்குப் போடக் கூடாது என்று. அடுத்த மாதம் அஞ்சலை அதைத் திருப்பிக் கொண்டுவந்தாள். "கூரை ஒழுவுது, எலி இருக்குது. அட்டை எத்தனை நாளைக்கு நிக்கும்? பச்சை குத்துற குறத்தி தெருவுக்கு வந்திருக்கா. எழுத்தைப் பெருசா எழுதிக் குடுங்க."

'ஸ்கோலின் ஆகாது' என்று எழுதிக் கொடுத்தேன்.

"டாக்டருங்க படிக்கணும்ல? இங்கிலீஷ்லயும் எழுதுங்க."

டாக்டரம்மா அன்றைக்குத்தான் வாய்விட்டுச் சிரித்தார். இரண்டு மொழியிலும் முன்கையில் குத்திக்கொண்டாள். அவள் தம்பியை இழுத்து வந்து ரத்தம் சோதிக்க வைத்தாள். அவனுக்கு ஒன்றுதான் பழுது, தப்பித்தான். உங்களில் சிலர் இப்போது, மேடம், இன்றைக்கு வேறு மருந்துகள் வந்துவிட்டன என்பீர்கள். ஸ்கோலின் இன்னும் உங்கள் அலமாரியில் இருக்கிறது. போய்ப் பாருங்கள். மேஜையில் ஏற்றுமுன் "உங்கள் குடும்பத்தில் மயக்க மருந்துக்குப் பிறகு யாராவது எழுந்திருக்காமல் போனதுண்டா" என்று கேட்க எத்தனை நொடி ஆகும்? அவசரத்தில் கேட்க முடியவில்லை என்றால் மூச்சு திரும்பாதபோதாவது கேளுங்கள். வெட்டு, காய்ச்சல், பேய் அடித்தது என்று அவர்கள் என்ன காரணம் சொன்னாலும் அதைத் தாண்டிக் கேளுங்கள்.

சின்னையாவைப் பார்க்க அவன் ஊருக்குப் போனேன். கந்தர்வகோட்டையில் பஸ் இறங்கி முந்திரித் தோப்புக்குள் நடக்க வேண்டும். வெயில் உச்சியில் நின்றது. தோப்புக்குள் ஒரு குருவி சத்தம் இல்லை. ஒரு மரத்தடியில் கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்தான். முடி முழுக்க நரைத்திருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். நீ கொல்லவில்லை, நான்தான் கொன்றேன் என்றேன். கோபப்படுவான், அடிப்பான் என்று எதிர்பார்த்துத்தான் போனேன்.

"நான் வெட்டுனது நெசந்தானேம்மா" என்றான்.

"வெட்டினது நெசம். அவன் அதுல சாகலை."

வெகு நேரம் கொட்டையைப் பொறுக்கினான். பிறகு நிமிராமல் கேட்டான்.

"நீங்க கையை எடுத்தப்ப, அது அவனுக்குத் தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சிருக்கும்."

"கடைசியா அவன் காதுல என்னம்மா விழுந்துச்சு?"

நினைவில்லை என்று சொன்னேன். பொய். அதை அவனிடம் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அஞ்சலையின் காதில்கூட அதைச் சொல்லவில்லை. நான் எழுதிக் கொடுத்த நான்கு பக்கத்திலும் அது இல்லை. உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீங்களும் மேஜையைச் சுற்றி நின்று வாய்க்கு வந்ததைப் பேசுகிறீர்கள். நான் பார்த்திருக்கிறேன்.

அட்டெண்டர் பாயசம் என்று சொன்னபோது மாணிக்கத்தின் மணிக்கட்டு என் கையில் இருந்தது. பல்ஸ் ஓடிக்கொண்டிருந்தது. நான் சிரித்தேன். பெரிய சிரிப்பு இல்லை, பயத்தில் மூக்கு வழியாக வந்த ஒரு சின்னச் சிரிப்பு. என் விரலுக்கடியில் அந்தப் பல்ஸ் ஒரு குதி குதித்தது.

அதற்கப்புறம் அந்த அறையில் யாரும் பேசவில்லை.